இந்தக் கை கடைசியாக எதைத் தொட்டது?

செய்தி வந்தபோது என் கையில் இன்னொருவரின் கை இருந்தது. நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். உள்ளங்கையில் சீழ் கட்டி, இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் வந்திருந்தார். "மிஷின் ஓட்டாத நாள்ல என்ன வேலை பாப்பீங்க?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் செல்பேசி அதிர்ந்தது.

"சார், நான் மெஹர் மேடம் பொண்ணு சமீரா பேசுறேன். உம்மா மௌத்தாயிட்டாங்க சார். விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு நாற்காலியில உக்காந்தாங்க. டீ கொண்டுபோனேன், அதுக்குள்ள..." அதற்கு மேல் அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை. அவருடைய கணவர் போனை வாங்கி, சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொன்னார்.

போனை வைத்துவிட்டு அந்த ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "துக்கச் சேதியா டாக்டர்? நீங்க கெளம்புங்க, நான் நாளைக்கு வரேன்" என்றார் அவர். இல்லை, உட்காருங்கள் என்றேன். சீழ் கட்டிய கையை நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டுத் தன் அடக்கத்துக்கு நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தால், போய்ச் சேர்ந்தவரே எழுந்து உட்கார்ந்து திட்டுவார். கீறிவிட்டு, கட்டுப் போட்டு, அவர் சொன்ன பதிலை முழுசாகச் சீட்டில் எழுதிய பிறகுதான் கிளம்பினேன்.

மெஹருன்னிசா அம்மையார் தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளியின் சீழையும் சளியையும் கண்ணாடித் தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, அது இன்னதென்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதித் தருவது அவருடைய வேலை. எங்களுக்கெல்லாம் மெஹர் மேடம். பிழைத்துப் போகிற நோயாளிகள் டாக்டருக்கு ஆப்பிள் வாங்கி வருவார்கள்; நர்சுகளுக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். இரண்டாம் மாடியில் இருக்கிற லேப்புக்கு யாரும் எதுவும் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே வெளியில் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் ஏதும் தவறு இருந்தால் அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பொறுத்திருக்க மாட்டார்.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். அவருடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. மீன் அறுக்கிற, காயப்போடுகிற பெண்களுக்கு நடுவில் வளர்ந்தவர். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். என் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்து என்னைப் படிக்கவைத்தவர்கள். எங்கள் தெருவுக்கு முதல் டாக்டர் நான். அந்தத் திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. வயலையும் வயல்காரர் உடம்பையும் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். சீட்டு எழுதும் கவுன்டரில் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்பார்கள். தொழில் என்ற கட்டத்தை மட்டும் கேட்காமலே நிரப்புவார்கள். சட்டை கசங்கியிருந்தால் "கூலி". புடவை வெளுத்திருந்தால் "கூலி". லேப்புக்கு அனுப்பும் படிவத்தில் நாங்களும் அதைப் பார்த்து அதையே எழுதுவோம்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் படிவம் ஒன்று திரும்பி வந்தது. "கூலி" என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "எதில்?" என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை. படியேறிப் போய், "டாக்டர் எழுதுன படிவத்தைத் திருப்பி அனுப்புறது யாரு?" என்று கேட்டேன்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான்தான். உக்காருங்க டாக்டர்" என்றார். நான் உட்காரவில்லை. "கூலின்னா நெல்லுல கூலியா, உப்புல கூலியா, மீனுல கூலியா? ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு கிருமி இருக்கு. எதைத் தேடணும்னு தெரியாம நான் எதை வளக்குறது?"

"எல்லாத்தையும் தேடுங்க."

"உங்க வீட்டுச் சாவி தொலைஞ்சா ஊரெல்லாமா தேடுவீங்க? கடைசியா எங்க வச்சோம்னுதானே யோசிப்பீங்க? இந்தக் கை கடைசியா எதைத் தொட்டுச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேக்கலேன்னா நான் எறங்கி வந்து கேப்பேன்."

"தாராளமா கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். லேப்பில் இருக்கிறவர் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாரே என்று கேன்டீனில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அந்த ஆவணியில் வீரையன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கால் முழங்கால்வரை வீங்கி, தோல் கருஞ்சிவப்பாகி, ரத்தம் கோத்த கொப்புளங்கள் நெல்லிக்காய் அளவுக்கு எழும்பியிருந்தன. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. குடிப்பழக்கம் உண்டு என்று கண்ணின் மஞ்சளே சொன்னது. நெல் விளைகிற ஊர், கால் வீக்கம், ரத்தக் கொப்புளம். எனக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. விரியன் கடி. "ஏதோ குத்திருச்சுன்னு சொன்னார் சார்" என்று அவர் மனைவியும் சொன்னார். பாம்பு விஷத்துக்கான மருந்தை ஏற்றச் சொன்னேன். கொப்புளத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, படிவத்தில் "கூலி" என்று எழுதி, சம்பிரதாயத்துக்கு மேலே அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்குப் போன் வந்தது.

"டாக்டர், இவரு எங்க போயிட்டு வந்தாரு?"

"பாம்புக்கடி மேடம்."

"பாத்தா அப்படித் தெரியல. ஸ்லைடுல வளைஞ்ச கிருமி மொய்க்குது. உப்புத் தண்ணியில இருக்குற ஜாதி மாதிரி இருக்கு. அவரு வீட்டம்மாகிட்ட ஒரு தடவ கேளுங்களேன்."

"சரி, பாக்குறேன்" என்று வைத்தேன். கேட்கவில்லை. குடலிறக்க ஆபரேஷன் ஒன்று காத்திருந்தது. அதை முடித்துவிட்டு வார்டுக்கு வந்தபோது, மெஹர் மேடம் வீரையனின் மனைவி பக்கத்தில் தரையில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "முந்தாநாள் வேதாரண்யத்துக்குத் தெற்க கழிமுகத்துல நண்டு புடிக்கப் போயிருக்காரு. நண்டு கொடுக்கு குத்தியிருக்கு" என்றார்.

கடல் தண்ணீரிலும் கழிமுகத்திலும் வாழ்கிற ஒரு கிருமி உண்டு. வெயில் காலத்தில் பெருகும். நல்ல உடம்புக்காரரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஈரல் கெட்டவருக்கும் சர்க்கரை முற்றியவருக்கும் ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால், இரண்டே நாளில் சதையை அழுகவைத்து ரத்தத்தில் ஏறிவிடும். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்த நிமிஷத்திலேயே இரண்டு வகை ஆன்டிபயாடிக் ஊசிகளைச் சேர்த்துப் போட்டு, அழுகிய சதையைத் தாமதிக்காமல் வெட்டி எடுக்க வேண்டும். இதெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்ததுதான். அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதமாக நினைவுக்கு வந்தது. மருந்தை மாற்றினேன்; காலைக் கிழித்துச் சுத்தம் செய்தேன். மறுநாள் காலை வீரையன் இறந்துபோனார்.

அந்த மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. ஈரல் அந்த நிலையில் இருந்தது. நோய் முற்றித்தான் வந்திருந்தார். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பத்து வினாடி ஆகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து மெஹர் மேடம் என்னை மேலே கூப்பிட்டார். நன்றாக நாலு வார்த்தை கேட்கப்போகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் இரண்டு குழாய்களை என் முன்னால் வைத்தார். ஒன்று தெளிவாக இருந்தது. இன்னொன்று கலங்கியிருந்தது. "ரெண்டுலயும் அதே கிருமிதான். இதுல உப்புப் போடல, அதுல போட்டேன். கடல்ல பொறந்தது டாக்டர், உப்பில்லாம அதுக்குச் சோறு எறங்காது. தெரியாம சாதாரணமா வச்சிருந்தா 'வளர்ச்சி இல்லை'ன்னு எழுதி அனுப்பியிருப்பேன்."

குழாய்களை ஓரமாக நகர்த்திவிட்டு, "உங்க ஸ்கூல் சர்டிபிகேட்டுல அப்பா தொழில்னு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"கூலி."

"என்ன வேலை பாத்தாங்க?"

சொன்னேன். நாற்றங்கால் விடுவதில் எங்கள் அப்பாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சேற்றில் காலை வைத்தே விதைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். மிராசுதார் வீட்டிலிருந்து வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள்.

"இதை எழுத அந்தக் கட்டத்துல எடம் பத்தலயா, எழுதுனவங்களுக்கு மனசு பத்தலயா?" என்றார் மேடம்.

நான் அழுதேன். ஒரு டெக்னீசியன் முன்னால் ஒரு சர்ஜன், மூக்கைச் சிந்திக்கொண்டு. அவர் பஞ்சு டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார். அதற்கு நான் அவருக்கு என்றைக்கும் நன்றியுடையவன்.

அதற்குப் பிறகு நானும் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்கத்தான், எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த ஜனங்களை எனக்குத் தெரியவே தெரியாது என்று புரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் நடவுக்காரர் உப்பளத்துக்குப் போகிறார். உப்பளம் மழையில் மூழ்கினால் மீன் ஏற்றப் போகிறார். ஒரு மனிதருக்கு வருஷத்தில் நாலு தொழில். வீரையனுக்கு வந்த அதே நோயோடு பிறகு வந்தவர்களில், சொல்ல நேரம் கிடைத்தவர்கள் சிலர் தப்பினார்கள். அதில் ஒருவர் இப்போதும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒற்றைக் காலோடு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

மேடத்தைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. முன்கோபக்காரர். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. டீ ஆறிப்போனால் கேன்டீன்காரர் பாடு திண்டாட்டம். ஆனால் வருஷா வருஷம் வேளாங்கண்ணித் திருவிழா வரும்போது ஒரு காரியம் செய்வார். காவி உடுத்தி நூறு மைல் நடந்துவருகிற ஜனம், கொப்புளம் வெடித்த காலோடு நேராகக் கடலில் இறங்கும். உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று நம்பிக்கை. அந்தச் சாலையில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் மேடம் தன் கையால் எழுதிய அட்டையைக் கொடுத்து மாட்டச் சொல்வார். "சர்க்கரை, ஈரல் வியாதி உள்ளவர்கள் காலில் புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம். மாதா கரையிலிருந்து கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்வார்." இதை எழுதியவர் ஐந்து வேளை தொழுகிறவர் என்று பந்தல்காரர்களுக்குத் தெரியும். ஒருவரும் ஒரு எழுத்தை மாற்றவில்லை.

இனி மலர்க்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல அனுமதி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

திருவாரூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாற்பது வயது. வலது ஆள்காட்டி விரல் வீங்கி, மடக்க முடியாமல் வந்தார். நான் கேட்டேன், பெருமையாகவே கேட்டேன். "என்னம்மா வேலை பாக்குறீங்க?" "நடவு, களையெடுப்புங்க சார்." படிவத்தில் அப்படியே எழுதினேன். கேட்டுவிட்டேன் அல்லவா, கடமை முடிந்தது. நாற்று முடி கட்டிக் கட்டி தசைநார் வீங்கியிருக்கிறது என்று நினைத்து, வீக்கம் வடிய ஸ்டீராய்டு ஊசி போட்டேன். நான் செய்த காரியங்களிலேயே கேடானது அது. ஒரு மாதத்தில் விரலிலிருந்து மணிக்கட்டுவரை பாசிமணி கோத்ததுபோல வரிசையாகக் கட்டிகள் எழும்பின. கீறினேன்; ஆறவில்லை. இரண்டு முறை லேப்புக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் "வளர்ச்சி இல்லை". காசநோய்ப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. விரல் கறுத்து, விறைத்து, நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"எடுத்துருங்க சார்" என்றார் மலர்க்கொடி ஒருநாள். "இந்த ஒண்ணால மத்த நாலும் சும்மா கெடக்கு. மவளுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். நான் வேலைக்குப் போவணும்."

விரலை எடுக்க நாள் குறித்தேன். அதற்கு முன் கடைசியாக ஒரு சதைத் துண்டை மேலே அனுப்பினேன்.

மேடம் இறங்கி வந்தார். நான் பார்த்த கையை அவர் பார்க்கவில்லை. நோயில்லாத இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் நுனிகளில் பொடிப்பொடியாகக் குத்துத் தழும்புகள். "ஏம்மா, எறால் உரிக்கப் போறியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மலர்க்கொடி கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "தண்ணி வராத மாசத்துல வேன் வரும்மா. எங்க தெருவுல பத்துப் பொம்பளைங்க போறோம். வெளியில சொல்றதில்ல" என்றார். "மாப்புள வீட்டுல கேட்டா வயல் வேலைன்னுதான் சொல்லியிருக்கோம். எறா நாத்தம் புடிச்ச குடும்பம்னு சொல்லிட்டா மவ வாழ்க்கை என்னாவறது?"

"எங்க வாப்பா கருவாடு வித்துத்தான் என்னைப் படிக்கவச்சாங்க" என்றார் மேடம். "கிட்ட வந்து மோந்து பாரு. இப்பவும் மணக்கும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காசநோய்க் கிருமிக்குப் பங்காளி ஒன்று உண்டு. மீனுக்கும் இறாலுக்கும் வருவது. முள்ளோ செதிலோ குத்திய இடத்தின் வழியாக மனிதர் கையில் ஏறும். உயிரைப் பெரும்பாலும் எடுக்காது. ஆனால் மாதக்கணக்கில் கையைத் தின்னும். அதுவாகத்தான் இருக்கும் என்றார் மேடம். "அப்படின்னா ரெண்டு தடவ ஏன் வளரல?" என்று கேட்டேன். அவர் முகம் சிறுத்தது. "மனுச உடம்புச் சூட்டுப் பெட்டியில வச்சேன். ரெண்டு நாள் பாத்துட்டுத் தூக்கிப் போட்டேன். மீனுக்கு ஏது டாக்டர் அந்தச் சூடு? குளுந்த உடம்புல வளந்தது, இந்தச் சூட்டுல எந்திரிக்காது. வயல் வேலைன்னு எழுதியிருந்துச்சு, நானும் நம்பிட்டேன்."

பதினைந்து நாள் அவகாசம் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. "விரலோட போறது கையோட போயிட்டா யார் பதில் சொல்றது?" என்றேன். "உங்க பயம் நியாயம். ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம்" என்றார். ஆபரேஷனைத் தள்ளிவைத்தேன். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து உறையவைத்த குழாயில் சதையைத் தடவி, கறுப்புக் காகிதம் சுற்றி, சூட்டுப் பெட்டிக்குள் வைக்காமல் பழைய பீரோவின் மேல் வைத்தார். மார்கழி மாதம். அந்தப் பதினைந்து நாளும் நான் ஏதாவது சாக்கு வைத்து மாடிக்குப் போய்வருவேன். "பானையைத் தொறந்து தொறந்து பாத்தா சோறு வேகாது" என்று விரட்டுவார். அவரே ஒரு நாளைக்கு நாலு முறை பார்த்தார் என்று லேப் உதவியாளர் பிறகு சொன்னார்.

பதின்மூன்றாம் நாள் நொய் சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. "டாக்டர், கத்திய வச்சிட்டு மேல வாங்க."

போனேன். கறுப்புக் காகிதத்தை எடுத்துவிட்டு, குழாயை முந்தைய நாளே ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்திருந்தார். வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் மஞ்சளாகியிருந்தன. அம்மியில் அரைத்த பசுமஞ்சளின் நிறம். "இதுதான் அதுக்கு அடையாளம். இருட்டுல வெள்ளையா இருக்கும். வெளிச்சம் பட்டா ஒரே நாள்ல மஞ்சளாயிடும்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. அதைத் தவிர அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெரிய லேப்புக்கு அனுப்பி உறுதி செய்தோம். அதே பதில் வந்தது. அதற்கேற்ற மாத்திரைகளை ஆறு மாதம் கொடுத்தோம். நான் ஒருமுறை கெட்ட சதையைச் சுரண்டி எடுத்தேன். விரல் தப்பியது. நுனிக்கணு மட்டும் இன்றைக்கும் முழுசாக மடங்காது. நாற்றுப் பறிக்க அது போதும் என்கிறார் மலர்க்கொடி.

மாத்திரை தொடங்கிய அன்று மேடம் வார்டுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னது எனக்கு மறக்காது. "ரெண்டு தடவ உன் சதையக் குப்பையில போட்டவ நான்தாம்மா. டாக்டர் மேல தப்பில்ல. மன்னிச்சுக்க." டாக்டர் மேல் தப்பு இருந்தது. ஊசி போட்டவன் நான். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் வாய் திறந்தது, நானும் சொன்னேன். ஆனால் வீரையனின் மனைவியிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மேடத்துக்கு அது தெரியும். ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும், போன் பேசி முடிக்கும்போது, "அந்தம்மாவப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்பார். "போகணும் மேடம்" என்பேன். போன மாதமும் கேட்டார். போன மாதமும் அப்படித்தான் சொன்னேன்.

நாகப்பட்டினம் போகும் வழியில் மலர்க்கொடிக்குப் போன் செய்தேன். திருவாரூரில் என் காரில் ஏறிக்கொண்டார். துறைமுகத்துக்குப் போகும் சந்தில் மேடத்தின் வீடு. பெண்கள் மலர்க்கொடியை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியில், ஷாமியானாவுக்குக் கீழே ஆண்களோடு உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் பெரியவர் ஒருவர், நகராட்சியில் கொடுக்க வேண்டிய இறப்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தெருவில் யார் வீட்டில் காரியம் என்றாலும் அவர்தான் எழுதித் தருவாராம். பெயர் எழுதினார். வயது, தகப்பனார் பெயர் எழுதினார். தொழில் என்ற கட்டம் வந்தது. யாரையும் கேட்காமல் "வீட்டு வேலை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. "பெரியவரே, அந்தப் பேனாவைக் குடுங்க" என்றேன். அவர் பயந்துபோய்க் கொடுத்தார். அடித்துவிட்டு, பேனாவை வைத்துக்கொண்டு திகைத்தேன். டெக்னீசியன் என்று எழுதினால் போதுமா? அப்போது மலர்க்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் முகத்தையும் படிவத்தையும் பார்த்தார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"மேடம் என்ன தொழில்னு."

"நோயாளி கையப் புடிச்சுக் கேட்டு, என்ன கிருமின்னு கண்டுபுடிச்சு சொன்னவங்கன்னு எழுதுங்க சார்."

அதைத்தான் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் ஏற்றி எழுதினேன். "இவ்வளவு எழுதுனா ஆபீசுல திருப்பி அனுப்பிடுவாங்களே தம்பி" என்றார் பெரியவர். "அனுப்பட்டும். நான் வந்து மறுபடி எழுதித் தரேன்" என்றேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு மேடத்தைத் தூக்கினார்கள். மலர்க்கொடி வாசலிலேயே நின்றுகொண்டார். மையவாடியில் வந்தவர்கள் எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நீங்களும் போடுங்கள் என்று மேடத்தின் மருமகன் என்னை முன்னால் நகர்த்தினார். கடலோர மண், மணலும் உப்பு ஈரமுமாகக் கையில் ஒட்டியது. மூன்று பிடி போட்டேன். திரும்பும்போது குழாயடியில் எல்லாரும் கை கழுவினார்கள். நான் கழுவவில்லை.

வீரையனின் மனைவி தலைஞாயிறு பக்கம் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். மலர்க்கொடியும் வருகிறேன் என்றார். அன்றைக்கே காரை அங்கே திருப்பினோம். வீட்டு வாசலில் அந்த அம்மாள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்து, "என்ன சார், கையெல்லாம் மண்ணா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து தொடங்கி, சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன்.

போய் வாருங்கள் மேடம். இந்தக் கை கடைசியாகத் தொட்டது உங்கள் மண்ணை.